ஜெர்மனியில் சளி, காய்ச்சல் வந்தால் மருந்து வாங்குவது எப்படி?

நம் ஊர் மெடிக்கலில் “காய்ச்சலுக்கு ரெண்டு மாத்திரை கொடுங்கண்ணா” என்றால் அட்டையை வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். லண்டன் போனால் சூப்பர்மார்க்கெட்டில் பிரெட் பக்கத்திலேயே பாராசிட்டமால் கிடைக்கும். ஜெர்மனியில் இந்த இரண்டுமே நடக்காது. மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடிய மாத்திரையைக்கூட, கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் ஒருவரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கொஞ்சம் தயாராகப் போனால் இதில் கஷ்டம் ஒன்றுமில்லை. சுற்றுலா வருபவர்கள், படிக்க வரும் மாணவர்கள், பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர் எல்லோரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

படி 1: கிளம்பும் முன் ஒரு பட்டியல்

தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரை போனில் எழுதி வையுங்கள். அட்டையில் பெரிதாக இருக்கும் கம்பெனிப் பெயரை அல்ல, அதன் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை. ‘டெல்மா 40’ என்றால் ஜெர்மன் மருந்தாளுநருக்கு எதுவும் புரியாது; டெல்மிசார்டன் 40 மில்லிகிராம் என்றால் உடனே புரியும். கிளைகோமெட் என்பது மெட்ஃபார்மின். எக்கோஸ்பிரின் என்பது ஆஸ்பிரின். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இந்தப் பட்டியல் எதற்கு என்பது படி 5-இல் தெரியும்.

ஒரு அட்டை டோலோவோ குரோசினோ பெட்டியில் போட்டுக்கொண்டு வருவதில் தவறில்லை. சொந்த உபயோகத்துக்கான அளவு என்றால் ஜெர்மன் சுங்கத்தில் பிரச்சினை வராது. கோடீன் கலந்த இருமல் சிரப்பை மட்டும் எடுத்து வராதீர்கள். வழியில் துபாயிலோ அபுதாபியிலோ விமானம் மாறுகிறீர்கள் என்றால் கட்டாயம் வேண்டாம். அமீரகத்தில் கோடீன் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து.

ஒரு தெர்மாமீட்டரும் எடுத்து வையுங்கள், செல்சியஸ் காட்டுவதாக. “102 ஜுரம்” என்று நாம் சொல்வது அங்கே யாருக்கும் பிடிபடாது. 100.4 என்றால் 38, 102 என்றால் 38.9, 104 என்றால் 40. இந்த மூன்றும் தெரிந்தால் போதும்.

படி 2: சரியான கடையைக் கண்டுபிடிப்பது

புதிதாக வருபவர்கள் பலரும் இடறும் இடம் இதுதான். டிஎம், ரோஸ்மன் என்று தெருவுக்குத் தெரு பெரிய கடைகள் இருக்கும். ஷாம்பு, பற்பசை, வைட்டமின் மாத்திரை, மூலிகை டீ, தொண்டை மிட்டாய், மூக்கில் அடிக்கும் உப்புநீர் ஸ்ப்ரே எல்லாம் அங்கே அடுக்கி வைத்திருப்பார்கள். பார்த்தால் மருந்துக்கடை மாதிரியே இருக்கும். ஆனால் அந்த அலமாரிகளில் பாராசிட்டமால் இருக்காது, இபுப்ரொஃபென் இருக்காது. ஆல்டி, ரேவே போன்ற சூப்பர்மார்க்கெட்டிலும் இருக்காது.

நீங்கள் போக வேண்டியது அப்போதேக்கே, அதாவது ஜெர்மன் மருந்தகம். வாசலில் சிவப்பு நிறத்தில் பழைய பாணி ‘ஏ’ எழுத்து தொங்கும். அதன் மேல் வெள்ளையில் ஒரு கிண்ணமும் பாம்பும் வரைந்திருக்கும். தூரத்திலிருந்தே தெரியும்.

பயணத்தில் மற்ற நாடுகளும் இருந்தால் இதையும் தெரிந்து வையுங்கள்: பிரான்ஸில் பச்சைச் சிலுவை போட்ட மருந்தகம் மட்டும்தான், 2020-லிருந்து பாராசிட்டமாலைக்கூட அங்கே கவுண்டருக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். நெதர்லாந்தில் சூப்பர்மார்க்கெட்டிலேயே கிடைக்கும்.

படி 3: இன்று ஞாயிறு என்றால்

ஞாயிற்றுக்கிழமை அப்போதேக்கேக்கள் மூடியிருக்கும். சனிக்கிழமையும் பல கடைகள் மதியத்தோடு பூட்டிவிடும். காய்ச்சல் என்னவோ சனி ராத்திரிதான் வரும்!

பயப்பட வேண்டாம், ஒவ்வொரு பகுதியிலும் முறை வைத்து ஏதாவது ஒரு கடை திறந்திருக்கும். இதற்கு நோட்டீன்ஸ்ட் என்று பெயர். மூடிய கடையின் கதவிலேயே, இன்று எந்தக் கடைக்கு முறை என்று முகவரியோடு ஒட்டியிருப்பார்கள். மொபைலில் 22833 என்ற எண்ணுக்கு அழைத்தும் கேட்கலாம். கட்டணம் உண்டு, ஆகவே இணையத்தில் தேடுவது மலிவு. ‘அப்போதேக்கன் நோட்டீன்ஸ்ட்’ என்று தேடினால் அஞ்சல் குறியீட்டை வைத்துக் காட்டும்.

அங்கே போய்க் கதவு பூட்டியிருக்கிறதே என்று திரும்பிவிடாதீர்கள். பக்கத்தில் மணி இருக்கும், அழுத்துங்கள். பெரும்பாலும் ஒரு சின்னத் திறப்பு வழியாகத்தான் பேசுவார்கள், மருந்தும் அதன் வழியாகவே வரும். இரவு 8 மணி முதல் காலை 6 மணி வரையிலும், ஞாயிறு மற்றும் அரசு விடுமுறை நாட்களில் நாள் முழுவதும், 2.50 யூரோ கூடுதலாக வாங்குவார்கள். இது சட்டப்படியான கட்டணம், பேரம் பேச இடமில்லை. பெரிய ரயில் நிலையங்களில் உள்ள அப்போதேக்கேக்கள் சில ஞாயிறும் திறந்திருக்கும். பக்கத்தில் இருந்தால் அங்கே போவதே எளிது.

படி 4: கவுண்டரில் என்ன சொல்வது

நகரங்களில் மருந்தாளுநர்கள் ஓரளவு ஆங்கிலம் பேசுவார்கள். சிற்றூர் என்றால் சில ஜெர்மன் சொற்கள் கைகொடுக்கும். ஃபீபர் என்றால் காய்ச்சல். ஹூஸ்டன் இருமல். ஷ்னுப்ஃபன் என்பது மூக்கொழுகல். ஹால்ஸ்ஷ்மெர்ட்சன் தொண்டை வலி. ‘எர்க்கெல்டுங்’ என்று ஒரே சொல்லில் ஜலதோஷம் முழுவதையும் சொல்லிவிடலாம். ஆனால் அப்படிச் சொன்னால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கூட்டு மருந்தை எடுத்து வைத்துவிடுவார்கள். அது வேண்டாம் என்பது என் கட்சி; காரணம் கீழே.

உங்களைக் கேள்வி கேட்பார்கள். மருந்து யாருக்கு, எத்தனை நாளாக, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், கர்ப்பமா என்று. மருந்து தர மனமில்லாமல் கேட்கிறார்கள் என்று எண்ணாதீர்கள், கேட்பது அவர்கள் வேலை. போனில் உள்ள பட்டியலைக் காட்டுங்கள்.

இரண்டு வேண்டுகோளை நீங்களே முந்திக்கொண்டு சொல்லலாம். சைவம் என்றால் கேப்ஸ்யூல் வேண்டாம், மாத்திரையாகக் கொடுங்கள் என்று சொல்லுங்கள். இந்த மருந்துகளின் கேப்ஸ்யூல் உறை பெரும்பாலும் ஜெலட்டின். இன்னொன்று, ஜெர்மன் மருந்தகங்களில் ஹோமியோபதி மருந்துகளும் சாதாரணமாகக் கலந்து கிடக்கும். உங்களுக்கு அது வேண்டாம் என்றால் வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது.

படி 5: எந்த மருந்து

பெட்டியில் வணிகப் பெயருக்குக் கீழே மருந்தின் பெயர் இருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும்.

காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் முதலில் பாராசிட்டமால். பெயர் ஜெர்மனியிலும் அதேதான். சீட்டு இல்லாமல் ஒரு பெட்டியில் 10 கிராம் வரைதான் தரலாம் என்று 2009-லிருந்து விதி. அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை 20. பெரியவர்கள் ஒரு வேளைக்கு ஒன்று அல்லது இரண்டு, அடுத்த வேளைக்கு ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. எடை 50 கிலோவுக்குக் குறைவு, கல்லீரல் தொந்தரவு, குடிப்பழக்கம் இருந்தால் அதைவிடக் குறைவாகத்தான். அளவை மருந்தாளுநரிடமே கேளுங்கள். டோலோ 650 பழகியவர்களுக்கு 500 ‘சின்ன மாத்திரை’ மாதிரி தெரியும், ஆனால் அதுவே பலருக்குப் போதும்.

அடுத்தது இபுப்ரொஃபென். 200, 400 மில்லிகிராம் சீட்டில்லாமல் கிடைக்கும். நாமாக எடுக்கும்போது நாளுக்கு 1200 மில்லிகிராம்தான் எல்லை. வயிற்றில் புண் உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இதைத் தொட வேண்டாம். டெல்மிசார்டன் போன்ற இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது அழுத்தத்தை ஏற்றிவிடும், சிறுநீரகத்துக்கும் சுமை; நீர் போகும் மாத்திரையும் கலந்திருந்தால் இன்னும் மோசம். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர்களும் கேட்காமல் எடுக்கக் கூடாது. ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாக்களில் பாதிப்பேருக்கு இதில் ஏதாவது ஒன்று பொருந்தும். பட்டியல் எழுதச் சொன்னது அதனால்தான்.

நம்மவர்களுக்கு மட்டும் உரிய இன்னொரு விஷயம் இருக்கிறது, ஜெர்மன் மருந்தாளுநருக்கு இது சட்டென்று தோன்றாது. சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் அது டெங்குவாகவும் இருக்கலாம். கொசு கடித்து 4 முதல் 10 நாளில் பொதுவாகக் காய்ச்சல் தொடங்கும், அதற்குள் நீங்கள் விமானம் ஏறி இறங்கியிருப்பீர்கள். டெங்குவில் இபுப்ரொஃபெனும் ஆஸ்பிரினும் இரத்தக் கசிவை அதிகமாக்கக்கூடும். ஆகவே ஊரிலிருந்து வந்த புதிதில் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். மூக்கொழுகல், தும்மல் எதுவும் இல்லாமல் வெறும் காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் வலியும் என்றால் கடைக்குப் போகாதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.

மூக்கடைப்புக்கு சைலோமெட்டாசோலின் ஸ்ப்ரே கேளுங்கள். ஊரில் ஓட்ரிவின் என்று வாங்குவதுதான், அங்கே ஓட்ரிவென் என்று விற்கும். வேறு கம்பெனிகள் அதையே மலிவாகத் தருகின்றன. ஏழு நாளுக்கு மேல் அடிக்காதீர்கள். அப்புறம் மருந்தாலேயே மூக்கு அடைக்கத் தொடங்கும்.

சளி இருமலுக்கு அம்ப்ராக்சால், அசிட்டைல்சிஸ்டீன் கிடைக்கும். வறட்டு இருமலை அடக்க டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன். ஐவி இலைச் சாற்றில் செய்த சிரப்பும் ஜெர்மானியர்களுக்குப் பிரியம். சர்க்கரை நோயாளிகள் ‘ட்சுக்கர்ஃப்ரை’ என்று கேட்டால் சர்க்கரை சேர்க்காத சிரப் தருவார்கள். தொண்டைக்கு மிட்டாயும் உப்புநீர்க் கொப்பளிப்பும் போதும். அதற்கு மட்டும் டிஎம் போகலாம்.

படி 6: கூட்டு மருந்தில் கவனம்

கிரிப்போஸ்டாட் சி, விக் மெடிநைட், ஆஸ்பிரின் காம்ப்ளெக்ஸ். தொலைக்காட்சி விளம்பரத்திலும் கவுண்டருக்குப் பின்னாலும் முன்வரிசையில் இருப்பவை இவை. (நம் ஊர் விக்ஸ்தான் அங்கே விக்.)

கிரிப்போஸ்டாட் ஒரு கேப்ஸ்யூலில் 200 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கிறது. விக் மெடிநைட் ஒரு வேளை அளவில் 600 மில்லிகிராம். இது தெரியாமல் பகலில் அதையும் ராத்திரி இதையும் குடித்துவிட்டு, நடுவில் ஊரிலிருந்து கொண்டுவந்த டோலோவையும் போட்டால் ஒரே மருந்தை மூன்று பெயரில் விழுங்குகிறீர்கள். பாராசிட்டமால் அளவு மீறுவது பெரும்பாலும் இப்படித்தான்.

மெடிநைட் சிரப்பில் 18 சதவீதம் ஆல்கஹால் வேறு இருக்கிறது. மதுவைத் தொடாதவர்கள் வாங்கும் முன்னே தெரிந்துகொள்ளட்டும். அதில் தூக்கம் வரவைக்கும் மருந்தும் உண்டு, குடித்துவிட்டு வண்டி ஓட்டக் கூடாது. இந்த வகை மருந்தும் கிரிப்போஸ்டாட்டில் உள்ள குளோர்ஃபெனமினும் ப்ராஸ்டேட் வீக்கம் உள்ள பெரியவர்களுக்குச் சிறுநீர் கட்டிக்கொள்ள வைக்கலாம்.

ஆஸ்பிரின் காம்ப்ளெக்ஸில் ஆஸ்பிரினோடு சூடோஎபிட்ரின் என்ற மூக்கடைப்பு மருந்தும் இருக்கிறது. கட்டுக்குள் வராத இரத்த அழுத்தமோ கடுமையான சிறுநீரக நோயோ உள்ளவர்கள் சூடோஎபிட்ரினை எடுக்கவே கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2024-இல் சொல்லிவிட்டது. காய்ச்சல் உள்ள குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் மருத்துவர் சொல்லாமல் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது, ரெய்ஸ் நோய்க்குறி என்ற அரிய, ஆபத்தான பாதிப்பு வரலாம்.

ஒரு பெட்டி பாராசிட்டமால், ஒரு மூக்கு ஸ்ப்ரே. சாதாரண ஜலதோஷத்துக்கு நான் இவ்வளவுதான் வாங்கச் சொல்வேன். இன்ன கம்பெனிதான் வேண்டும் என்று கேட்காமல், மலிவானதைக் கொடுங்கள் என்று கேளுங்கள். சீட்டில்லா மருந்துகளின் விலையை 2004-லிருந்து கடைக்காரரே வைக்கிறார், ஒரே மாத்திரை பக்கத்துத் தெருவில் குறைவாக இருக்கலாம்.

அஸித்ரோமைசின், அமாக்சிசிலின் கேட்டுப் பார்க்காதீர்கள். சீட்டில்லாமல் ஆண்டிபயாட்டிக் தரவே மாட்டார்கள். சளிக்கு அது தேவையும் இல்லை.

படி 7: மருந்துக்கடை போதாது என்றால்

காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் மருத்துவரைப் பாருங்கள். இரவிலோ வார இறுதியிலோ மருத்துவர் வேண்டும் என்றால் 116117 என்ற எண்ணுக்கு அழையுங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, குழப்பமாகப் பேசுவது என்றால் நேராக 112, அவசர உதவி எண். எங்கே போனாலும் “இந்தத் தேதியில் இந்தியாவிலிருந்து வந்தேன்” என்பதை அவர்கள் கேட்கும் முன்பே சொல்லுங்கள். டெங்கு, மலேரியா சோதனை செய்வதா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். ஜெர்மன் காப்பீடு இல்லாதவர்களுக்குத் தனியார் சீட்டு எழுதித் தருவார்கள், பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். மருந்துக்கு முழுப் பணமும் நீங்களே கட்ட வேண்டும். சீட்டின் நகலையும் ரசீதையும் பத்திரமாக வைத்திருங்கள், பயணக் காப்பீட்டில் பணம் கேட்கும்போது இரண்டையும் கேட்பார்கள்.