சர்வீஸ் பில்லில் இருப்பது எஞ்சினிலும் இருக்கிறதா? சோதிக்கும் முறை

சென்ற ஆண்டு மே மாதம், என் டீசல் காருக்கு ஏர் ஃபில்டர் மாற்றியதாகச் சொல்லி சர்வீஸ் சென்டரில் பணம் வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து திறந்தால், ஃபில்டர் மடிப்புக்குள் எங்கள் தெருப் புங்கமரத்துப் பூக்கள் காய்ந்து கிடந்தன. புது ஃபில்டரைப் பூவோடு சேர்த்து விற்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

1. வண்டியை சர்வீஸுக்கு விடுவதற்கு முந்தைய நாள், ஏர் ஃபில்டரின் ஓரத்திலும் ஆயில் ஃபில்டர் மேலும் சிறு புள்ளி வைத்துப் படம் எடுங்கள். மார்க்கர் பேனா வேண்டாம், எண்ணெயில் கரைந்துவிடும். நெயில் பாலிஷ்தான் சரி.

2. 'பழைய பாகங்களைத் திருப்பித் தரவும்' என்று ஜாப் கார்டில், அதாவது வண்டிக்குச் செய்ய வேண்டிய வேலைகளை அவர்கள் குறித்துக்கொள்ளும் தாளில், எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் "குப்பைக்குப் போய்விட்டது சார்" என்பார்கள். கையில் தரும் பழைய ஃபில்டரில் உங்கள் புள்ளி இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். வேறு யாருடையதையோ எண்ணெய் சொட்டச் சொட்ட நீட்டுவதும் உண்டு.

3. இனி எஞ்சின் ஆயில். நான் அவமானப்பட்டது இங்கேதான். அடுத்த சர்வீஸ் முடிந்து நாற்பது கிலோமீட்டர்கூட ஓடவில்லை, எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவினால் எண்ணெய் கன்னங்கரேல். நேராகப் போய்ச் சத்தம் போட்டேன். வயதான மெக்கானிக் ஒருவர் ஒன்றும் பேசாமல், அப்போதுதான் ஆயில் மாற்றிய இன்னொரு டீசல் வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு டிப்ஸ்டிக்கைத் துணியில் துடைத்துக் காட்டினார். அதுவும் கறுப்பு. உள்ளே ஒட்டியிருக்கும் பழைய எண்ணெயும் புகைக்கரியும் புது எண்ணெயை உடனே கறுப்பாக்கிவிடும். மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். பெட்ரோல் வண்டியில் தேன் நிறம் சில நூறு கிலோமீட்டராவது நிற்கும். அங்கே மறுநாளே கறுத்திருந்தால் சந்தேகப்படலாம். டீசலுக்கு நிறம் சாட்சியாகாது. ஆயில் ஃபில்டரில் உங்கள் புள்ளி போயிருக்கிறதா, பில்லில் போட்ட லிட்டர் வண்டியின் கையேட்டில் உள்ள அளவோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மட்டம் பார்க்க, சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் பொறுங்கள்.

4. 'டீகார்பனைசிங்' (எஞ்சினுக்குள் படிந்த கரியை நீக்குவது), 'இன்ஜெக்டர் கிளீனிங்' (எரிபொருள் தெளிக்கும் முனையைச் சுத்தம் செய்வது) என்று ஏதாவது சேர்த்தால், கையேட்டின் சர்வீஸ் அட்டவணையில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பில்லிலிருந்து அதை நீக்கச் சொல்லுங்கள். செய்தார்களா இல்லையா என்று நம்மால் கண்டுபிடிக்கவே முடியாத வேலைக்குப் பணம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

5. வண்டியில் இருக்கும் ஃபில்டரில் புள்ளி அப்படியே இருந்தால் படங்களுடன் சர்வீஸ் மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். எனக்கு அந்த ஃபில்டர் பணம் அதிலேயே திரும்பி வந்துவிட்டது. மசியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.

பிற்சேர்க்கை: புள்ளி தானாகவே உரிந்துவிட்டதென்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் வைத்தால் அப்படித்தான் ஆகும். எஞ்சின் ஆறியபின் சோப்புநீர்த் துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு வையுங்கள். ஆயில் ஃபில்டர் அடியில் மறைந்திருக்கும் வண்டிகளில் ஜாக்கி போட்டு அடியில் நுழைய வேண்டாம். ஏர் ஃபில்டரில் மட்டும் வைத்தால் போதும்.