வேதத்தையும் பரிணாமத்தையும் சேர்த்து வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேத (பைபிள்) வாசிப்புக் குழுக்களை நடத்துகிறவர்களுக்கு இது தெரியும்: கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்ததைச் சொல்லும் ஆதியாகமம் முதல் அதிகாரத்துக்கு வந்தவுடன் யாராவது ஒருவர் பரிணாமத்தைப் பற்றிக் கேட்பார், அப்புறம் அன்றைய நேரம் முழுக்க அதிலேயே போய்விடும். கேள்வி நல்ல கேள்விதான். பதில் தேடுகிற விதத்தில்தான் புதியவர்கள் நான் ஆரம்பத்தில் விழுந்த அதே குழிகளில் விழுகிறார்கள். 'குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இன்னும் குரங்கு ஏன் இருக்கிறது' போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அதற்குப் பள்ளிப் பாடப்புத்தகமே போதும்.

'நான் எல்லாவற்றையும் எழுத்துக்கு எழுத்து நம்புகிறேன்' என்று சொல்லிவிடுவது

அப்படி யாரும் வாசிப்பதில்லை. பூமி ஒருபோதும் நிலைபேராதபடி ஆதாரங்களின்மேல் நிறுத்தப்பட்டது என்று 104ஆம் சங்கீதம் சொல்கிறது. பூமி அசைகிறது என்பதற்கு எதிராக இது போன்ற வசனங்களை ஒரு காலத்தில் உண்மையாகவே எடுத்துக் காட்டினார்கள், 1633இல் கலிலியோவுக்குத் தண்டனையும் கொடுத்தார்கள். ஆறு நாளையும் 24 மணி நேரமாகவே எடுத்துக்கொள்கிறவர்கள்கூட இன்று அந்தச் சங்கீதத்தைக் கவிதையாகத்தான் வாசிக்கிறார்கள். ஆக, ஏதோ ஓர் இடத்தில் எல்லோரும் கோடு போடுகிறோம். அந்தக் கோட்டை எங்கே போடுகிறோம், எதை வைத்துப் போடுகிறோம் என்பதைத்தான் பேச வேண்டும்.

விஞ்ஞானம் நெருக்கும்போது மட்டும் 'உருவகம்' என்பது

இது எதிர்ப்பக்கத்துத் தவறு. நேற்றுவரை வரலாறு, இன்று ஒரு புதைபடிவத்தைப் பற்றிப் படித்ததும் உருவகம் என்றால், கேட்கிறவருக்கு அது பின்வாங்கலாகத்தான் தெரியும். உருவகமாக வாசிப்பதற்கான காரணம் நூலுக்குள்ளேயே இருக்க வேண்டும். இருக்கவும் செய்கிறது. முதல் அதிகாரத்தில் செடிகள், மீன்கள், பறவைகள், விலங்குகள், கடைசியில் ஆணும் பெண்ணும் சேர்ந்து. இரண்டாம் அதிகாரத்தில் முதலில் மனிதன், பிறகு தோட்டத்து மரங்கள், பிறகு விலங்குகள், கடைசியில் பெண். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவர்கள் இரண்டு வரிசைகளும் அவர்கள் கண்ணில் படாமலா வைத்திருப்பார்கள்? சூரியன் இல்லாமல் முதல் மூன்று நாளுக்குச் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி என்று ஆரம்பகாலத் திருச்சபையின் அறிஞர் ஓரிகேன் 3ஆம் நூற்றாண்டிலேயே கேட்டார். டார்வினின் நூல் வந்தது 1859இல். உருவக வாசிப்பு டார்வினுக்குப் பயந்து பிறந்ததல்ல.

வசனத்தையும் ஆய்வு முடிவையும் ஒட்டவைப்பது

இந்தத் தவறைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். எத்தனையோ முறை பார்த்த பிறகும் எனக்கு இன்னும் கோபம் வருவது இதில்தான்.

ஒரு குழுவில் ஓர் இளைஞர் பெரிய அட்டவணை ஒன்றைக் கொண்டுவந்தார். இடப்பக்கம் ஆறு நாட்கள், வலப்பக்கம் புவியியல் யுகங்கள், நடுவில் அம்புக்குறிகள், 'ஒளி உண்டாகக்கடவது' என்பதற்கு நேராகப் பெருவெடிப்பு. எல்லோருக்கும் சந்தோஷம். விஞ்ஞானம் இப்போது கண்டுபிடித்ததை வேதம் அப்போதே சொல்லிவிட்டது என்று ஒருவர் கைதட்டவே ஆரம்பித்துவிட்டார்.

தம்பி, மூன்றாம் நாளையும் நான்காம் நாளையும் வாசியுங்கள் என்றேன். மூன்றாம் நாள் கனிமரங்கள், நான்காம் நாள் சூரியன். சூரியன் முன்பே இருந்தது, மேகம் விலகி அப்போதுதான் தெரிந்தது என்றார். மேகம் விலகியதாக வசனத்தில் ஒரு சொல்கூட இல்லை. ஐந்தாம் நாள் பறவைகளும் கடல் உயிர்களும், ஆறாம் நாள்தான் நிலத்து விலங்குகள். பாறைகள் சொல்லும் வரிசை வேறு. மீன்கள் 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இருந்தன, பூக்கும் தாவரங்கள் சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் தெரிய ஆரம்பிக்கின்றன. நிலத்து விலங்குகளிலிருந்துதான் பறவைகள் வந்தன, திமிங்கலங்களும் அப்படியே. ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் சொல்லிச் சொல்லி, கடைசியில் அந்த அட்டவணையில் வேதமும் மிஞ்சவில்லை, விஞ்ஞானமும் மிஞ்சவில்லை.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய பழக்கம் அல்ல. தசாவதாரமே பரிணாமம்தான், மீன், ஆமை, பன்றி, பாதி மனிதன், குள்ளன், முழு மனிதன் என்று வரிசை அப்படியே பொருந்துகிறது என்பார்கள். பாகவதத்தின் முதல் ஸ்கந்தம் மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். அங்கே இருபதுக்கும் மேற்பட்ட அவதாரங்கள் வரிசையாக வருகின்றன. சனகாதி குமாரர்கள் முதலில், வராகம் இரண்டாவது, மீன் பத்தாவது, ஆமை பதினொன்றாவது. நமக்குப் பிடித்த வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதைக் கண்ணில் படாமல் வைத்துவிடுகிறோம். அந்தப் புராணம் மீனைப் பற்றிச் சொல்ல வந்தது பிரளயத்தில் காப்பாற்றுகிற கடவுளை, முதுகெலும்பிகளின் தோற்றத்தை அல்ல.

1951இல் பன்னிரண்டாம் பயஸ் போப், பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் உண்டு என்ற அறிவியல் முடிவைப் படைப்போடு சேர்த்துப் பேசினார். இதை விரும்பாதவர்களில் ஒருவர் ஜார்ஜ் லெமேத்ர். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இலேயே எழுதியவர், அவரே ஒரு கத்தோலிக்கக் குரு. தன் கோட்பாடு மதக் கேள்விகளுக்கு வெளியே நிற்கிறது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். இன்று சாதகமாக இருக்கிற முடிவு நாளை திருத்தப்படலாம், அதன்மேல் விசுவாசத்தைக் கட்டினால் திருத்தும்போது அதுவும் சேர்ந்து ஆடும்.

ஆடியதைப் பார்த்திருக்கிறேன். சின்ன வயதில் இப்படி ஓர் அட்டவணையை மனப்பாடம் செய்த ஒரு பெண், கல்லூரியில் புவியியல் படித்தாள். முதல் ஆண்டிலேயே வரிசை தப்பு என்று தெரிந்துவிட்டது. பரிணாமம் அவளை உடைக்கவில்லை. பொய் சொல்லிவிட்டார்களே என்பதுதான் உடைத்தது, வேதத்தையே மூடி வைத்துவிட்டாள். அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே திருச்சபை அறிஞர் அகஸ்டின் இதை எச்சரித்துவிட்டார்: வானத்தையும் பூமியையும் பற்றி நன்கு அறிந்தவர் முன்னால் வேதத்தின் பேரில் தவறாகப் பேசினால், உயிர்த்தெழுதலைப் பற்றி அதே வேதம் சொல்வதை அவர் எப்படி நம்புவார்?

வம்சவரலாற்றைக் கூட்டிப் பூமியின் வயதைச் சொல்வது

17ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் அஷர் என்ற அயர்லாந்துப் பேராயர் அப்படிக் கணக்கிட்டு உலகம் படைக்கப்பட்டது கி.மு. 4004இல் என்றார், அவர் காலத்தில் அது கவனமான உழைப்பு. இன்று பாறைகளும் விண்கற்களும் தருகிற வயது சுமார் 454 கோடி ஆண்டுகள்.

விடுபட்ட இடத்தில் கடவுளை உட்காரவைப்பது

மீனுக்கும் நான்கு கால் விலங்குக்கும் நடுவில் ஒன்றும் இல்லை, ஆகவே கடவுள் என்று வாதாடியவர்கள் உண்டு. எந்த வயதுப் பாறையில் தேட வேண்டும் என்று முன்பே கணித்துப் போய், 2004இல் கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட டிக்டாலிக் என்ற உயிரின் புதைபடிவத்தை எடுத்தார்கள், சுமார் 37.5 கோடி ஆண்டு பழையது.

'பரிணாமம் கடவுளை ஒழித்துவிட்டது'

இல்லை. கடவுள் உண்டு என்று நிரூபிக்கவும் இல்லை.

உருவகம் என்றதும் எல்லாம் தீர்ந்தது என்று நினைப்பது

நாட்களை உருவகமாக வாசிப்பது சுலபம். ஆதாமிடம் வரும்போதுதான் கஷ்டம். ஒரே மனுஷனாலே பாவம் உலகத்தில் பிரவேசித்தது என்று ரோமர் ஐந்தாம் அதிகாரத்தில் அப்போஸ்தலர் பவுல் ஒரு முழு வாதத்தையே அதன்மேல் வைக்கிறார். நம் மரபணுக்களில் இருக்கிற வேறுபாட்டைப் பார்த்தால், கடந்த சில லட்சம் ஆண்டுகளில் மனித இனம் ஒரே ஒரு ஜோடியாகச் சுருங்கியதாகத் தெரியவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1950இல் மனித உடலின் பரிணாமத்தை ஆராயத் தடையில்லை என்றது, ஆனால் பல முதல் பெற்றோர் என்ற கருத்தை ஏற்கவில்லை. 1996இல் போப் இரண்டாம் யோவான் பவுல் பரிணாமம் வெறும் கருதுகோளுக்கும் மேலானது என்றார், ஆன்மாவைக் கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்ற நிலையை மட்டும் விடவில்லை. சிலர் ஆதாமை ஒரு கூட்டத்தின் தலைவனாக வாசிக்கிறார்கள், சிலர் மனித குலம் முழுவதற்குமான பெயராக வாசிக்கிறார்கள். இரண்டிலும் பவுலின் வாதத்துக்கு என்ன ஆகிறது என்பதை ரோமரைத் திறந்து வைத்து வரிவரியாகப் பார்க்க வேண்டும். குழுவில் இதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள், 'அதெல்லாம் உருவகம்' என்று சொல்லி அடுத்த அதிகாரத்துக்குப் போய்விடாதீர்கள்.