தண்ணீரை விலைக்கு வாங்காதீர்கள்: சிறு பண்ணையில் தீவனச் செலவும் கரன்ட் செலவும்

ஒரு பசு, நாலைந்து ஆடு, ஐம்பது நாட்டுக்கோழி என்று ஆசைக்குப் பண்ணை வைப்பவர்கள் கணக்கு நோட்டைத் திறந்ததும் முதலில் கை வைப்பது தீவனத்தில். அது நியாயம்தான். செலவில் பெரும்பங்கு அதுதானே. ஆனால் எதைக் குறைக்கிறோம் என்று தெரியாமல் குறைப்பவர்களே அதிகம். தண்ணீர்த் தொட்டி கழுவ மறப்பது, மூட்டையைத் திறந்து போடுவது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. சிக்கனம் என்று நினைத்துச் செய்யும் தவறுகளை மட்டும் பார்ப்போம்.

ஈர எடையைப் பார்த்துத் தீவனம் வாங்குவது

இதைப் பார்க்கும்போதுதான் அதிக எரிச்சல் வருகிறது. அசோலா என்பது தண்ணீரில் மிதந்து வளரும் சிறு பெரணிச் செடி. "அசோலாவில் 20, 25 சதவீதம் புரதம்" என்று வீடியோ பார்த்தவர், மறுவாரமே தார்ப்பாய் விரித்துத் தொட்டி கட்டி, பிண்ணாக்கை நிறுத்திவிடுகிறார். அந்த சதவீதம் காய்ந்த அசோலாவுக்கு உரியது. தொட்டியில் அள்ளும் அசோலாவில் நூற்றுக்கு 94 பங்கு தண்ணீர். ஒரு கிலோ அள்ளினால் உலர் எடை, அதாவது தண்ணீர் போக மிஞ்சும் எடை, சுமார் 60 கிராம், அதில் புரதம் சுமார் 13 கிராம். ஒரு கிலோ கடலைப் பிண்ணாக்கில் 400 கிராம் புரதம் இருக்கிறது. அதை ஈடுகட்ட நாளொன்றுக்கு 30 கிலோ அசோலா வேண்டும். ஒரு சதுர மீட்டரில் தினம் 200 முதல் 300 கிராம் கிடைத்தால் நல்ல விளைச்சல். அந்தக் கணக்கில் 120 சதுர மீட்டர், அதாவது மூன்று சென்ட் நிலம் முழுக்கத் தொட்டி!

பத்து லிட்டர் கறக்கும் கலப்பினப் பசுவுக்கு நாளுக்கு 12 கிலோ உலர் எடை தேவை. கம்பு நேப்பியர் என்ற பசும்புல் 20 கிலோ போட்டால் அதில் உலர் எடை 4 கிலோ. வைக்கோல் 4 கிலோவில் மூன்றரைக்குச் சற்று மேல். மீதி நாலரை, பிண்ணாக்கு, தவிடு, தானியம் கலந்த அடர்தீவனம் 5 கிலோவிலிருந்து வரவேண்டும். இந்த ஐந்தை மூன்றாக்கி, பதிலுக்கு 2 கிலோ அசோலா போடுகிறார்கள். 1800 கிராம் உலர் எடையை எடுத்துவிட்டு 120 கிராம் வைத்திருக்கிறார்கள்!

மறுநாளே பால் குறைந்தால் புத்தி வந்துவிடும். அப்படிக் குறைவதில்லை. பசு தன் உடம்பைக் கரைத்துக் கொஞ்ச நாள் கறந்து தரும். "பாருங்க, தீவனத்தைக் குறைச்சும் பால் குறையல" என்று பக்கத்துத் தோட்டத்துக்காரரிடமும் சொல்லிவிடுவார்கள். பிறகு விலா எலும்பு தெரியும், பாலும் இறங்கும். பழையபடி தீவனம் போட்டாலும் அந்தக் கறவையில் பழைய அளவு பெரும்பாலும் திரும்பாது. அதோடு பருவத்துக்கு வருவது தள்ளிப்போகும், வந்தாலும் சினை நிற்காது. ஒவ்வொரு தவறிய பருவத்துக்கும் 21 நாள் வீண் தீவனம். பழி மட்டும் சினை ஊசி போட்டவர் மேல் விழும்.

சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளிலிருந்து வரும் ஈரத் திப்பிக்கும், அதாவது மாவு எடுத்த மரவள்ளிக்கிழங்குச் சக்கைக்கும், இதே கணக்குதான். கிலோ 4 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உலர் எடை 20 சதவீதம் என்றால் உலர் கிலோ 20 ரூபாய். கிலோ 18 ரூபாய்க்கு அரிசித் தவிடு வாங்கினால், அதில் 90 சதவீதம் உலர் எடை, அதுவும் 20 ரூபாய்தான். தவிட்டில் பத்து சதவீதத்துக்கு மேல் புரதம் உண்டு, திப்பியின் உலர் எடையில் மூன்று தேறினால் அதிகம். வண்டி வாடகை வேறு, இரண்டு மூன்று நாளில் புளித்துப்போவது வேறு.

சோதிக்க ஆய்வகம் வேண்டாம். தீவனத்தைப் பொடியாக நறுக்கி 500 கிராம் எடை போட்டு, எடை மேலும் குறையாத வரை வெயிலில் காயவிடுங்கள். மிஞ்சுவதை இரண்டால் பெருக்கினால் கிலோவுக்கு உள்ள உலர் எடை தோராயமாகத் தெரியும். விலையை அதால் வகுத்த பிறகு பேரம் பேசுங்கள். அசோலா வேண்டாம் என்று சொல்லவில்லை. நன்றாக அலசி, கோழிக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தூவ நல்ல பொருள். கூடுதலாக மட்டும்.

மலிவாகக் கிடைக்கிறது என்று மழைக்காலத்தில் பிண்ணாக்கு அடுக்குவது

ஒரு மாதத் தேவைக்கு மேல் வேண்டாம். பூஞ்சை பிடித்ததைக் காயவைத்தால் பூஞ்சை மறையும், நஞ்சு முழுதாகப் போகாது.

தீவனத் தட்டை வாய் வரை நிரப்புவது

கோழி அலகால் தள்ளித் தள்ளித்தான் தின்னும். மூன்றில் ஒரு பங்கு போதும். தட்டின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்தில் இருக்கும்படி தொங்கவிடுங்கள். கீழே கொட்டிக் கிடப்பதை ஒரு வாரம் கூட்டி எடை போட்டால், எலிக்கு எவ்வளவு சோறு போடுகிறோம் என்பது தெரியும்.

மோட்டாரின் குதிரைத்திறனைப் பார்த்துப் பயப்படுவது

2 எச்.பி. புல் வெட்டும் இயந்திரம் 20 நிமிடம் ஓடினால் அரை யூனிட். குஞ்சுக் கொட்டகையில் சூட்டுக்காக நாலு 60 வாட் குண்டு பல்பு நாள் முழுக்க எரிந்தால் ஐந்தே முக்கால் யூனிட். கரன்ட் பில் ஏறுகிறதென்று இயந்திரத்தை நிறுத்தி, நேப்பியரை முழுசாகப் போடுகிறவர்கள் உண்டு. தடித்த தண்டை மாடு ஒதுக்கிவிடும், அது நேரே எருக்குழிக்குப் போகும். ஒரு அங்குலத் துண்டாக வெட்டிப் போடுங்கள். வெட்டு நார் நாராக வந்தால் பிளேடு மழுங்கிவிட்டது. மோட்டார் திணறிக் கூடுதல் கரன்ட் இழுக்கும்.

சிக்கனம் பார்க்க வேண்டிய இடம் பல்பு. ஒரு குஞ்சுக்கு 2 வாட் என்பது தொடக்கக் கணக்கு. முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட், அப்புறம் வாரத்துக்கு 5 டிகிரி குறைக்கலாம். சித்திரை வெயிலில் பகலில் பல்பே வேண்டாம். வெப்பமானியோடு குஞ்சுகளையும் பாருங்கள். பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர், வாயைப் பிளந்து ஓரத்தில் ஒதுங்கினால் சூடு. சுற்றிலும் ஒன்றரை அடித் தகடு வைத்துத் தரைக்காற்றைத் தடுத்தால் பல்பைக் குறைத்துக்கொள்ளலாம்.

குஞ்சுக் கொட்டகையில் எல்இடி மாட்டுவது

வெளிச்சம் வரும். சூடு வராது. விடியும்போது குஞ்சு இருக்காது.

முட்டைக்கோழித் தீவனம் மிஞ்சியதென்று குஞ்சுக்குப் போடுவது

அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மிஞ்சியதைக் கட்டி வைத்து, முட்டையிடும் கோழிக்கே போடுங்கள்.