குழந்தையோடு பெருநகரம் சுற்றப் போகிறீர்களா? பிற்பகல் டிக்கெட் வாங்காதீர்கள்

சென்ற மாதம் ஓர் அருங்காட்சியக வாசலில் இளம் தம்பதி ஒன்றைப் பார்த்தேன். தந்தையின் தோளில் இரண்டரை வயது இருக்கக்கூடிய பெண் குழந்தை. வாய் திறந்து, எச்சில் அவர் சட்டையில் வடிய, நல்ல தூக்கம். தாயின் கையில் செல்போன், அதில் 2.30 மணி டிக்கெட். "எழுப்பிவிடலாமா?" என்று அந்தப் பெண் கேட்க, இருவருமாகக் குழந்தையின் கன்னத்தைத் தட்டத் தொடங்கினார்கள். ஓடிப்போய்த் தடுக்க வேண்டும்போல இருந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இதே போன்றதொரு வாசலில் நானும் அப்படித் தட்டியிருக்கிறேன்.

இரண்டு பிள்ளைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே பெரிய நகரங்களுக்கு அழைத்துப் போனவள் நான். தண்ணீர், தொப்பி, மாற்றுத் துணி பற்றி உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன். நம்மைப் போன்ற பெற்றோர் செய்யும் தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பிற்பகல் டிக்கெட்

புகழ்பெற்ற இடங்கள் பலவற்றில் இப்போது நேரம் குறித்துத்தான் டிக்கெட் தருகிறார்கள். காலை நேரம் முதலில் விற்றுத் தீர்ந்துவிடும். மிச்சமிருக்கும் இரண்டு மணி, இரண்டரை மணி டிக்கெட்டைப் பார்த்ததும், சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் போகலாம் என்று பெரியவர்களுக்குத் தோன்றும். குழந்தைக்கு அதுதான் தூங்கும் நேரம்.

ஒன்றிலிருந்து இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளில் 11 முதல் 14 மணி நேரம், மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. பகல் தூக்கமும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே. புது இடத்தில் இரவுத் தூக்கம் எப்படியும் கொஞ்சம் குறையும். அந்தக் குறையைப் பகலில்தான் ஈடுகட்ட முடியும். அந்தப் பகலையும் நாம் டிக்கெட்டுக்குக் கொடுத்துவிடுகிறோம்.

என் மகனுக்கு அப்போது இரண்டே முக்கால் வயது. உயரமான கோபுரம் ஒன்றின் உச்சியிலிருந்து நகரத்தைப் பார்க்க, இரண்டு மணிக்கு டிக்கெட் வாங்கியிருந்தேன். காலை முழுவதும் பூங்காவில் ஓடியாடினான். கோபுரத்துக்குப் போகும் வழியில் டாக்சியில் கண்ணயர்ந்தான். பத்து நிமிடம் இருக்கும், அதற்குள் இடம் வந்துவிட்டது. எழுப்பினோம். 'நல்லவேளை, தூங்கிவிட்டான்' என்று நினைத்தேன். அந்த நினைப்பு டிக்கெட்டைவிடப் பெரிய தவறு. பத்து நிமிடக் கோழித்தூக்கம் தூக்கத்தின் முனையை மழுக்கிவிடும், அலுப்பைப் போக்காது. பிறகு எத்தனை தட்டிக் கொடுத்தாலும் குழந்தை தூங்காது, தெளிந்தும் இருக்காது.

வரிசையில் நாற்பது நிமிடம் நின்றோம். லிஃப்ட் வேகமாக ஏறியபோது காது அடைத்துக்கொள்ள, வீறிட்டு அழ ஆரம்பித்தான். மேலே போனதும் தரையில் குப்புற விழுந்து, ஒரு காலணியைக் கழற்றி எறிந்தான். கண்ணாடிக்கு அப்பால் நகரம் முழுவதும் விரிந்து கிடந்தது. அவன் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் அவனை அதட்டினேன். இன்றுவரை என்னை உறுத்துவது அதுதான். கால் மணி நேரத்துக்குள் கீழே இறங்கிவிட்டோம்.

அதோடு போகவில்லை. அறைக்கு வந்து நாலரைக்குத் தூங்கி, ஆறரைக்கு எழுந்தவன் இரவு பதினொன்று வரை கண் மூடவில்லை. மறுநாள் காலையும் பாழ். ஒரு டிக்கெட்டுக்காக ஒன்றரை நாளை இழந்தோம். லிஃப்டைக் கண்டாலே அவன் என் கழுத்தைக் கட்டிக்கொள்வது பல மாதம் தொடர்ந்தது.

இதைப் பார்ப்பவர்கள் 'குழந்தை அடம்பிடிக்கிறது' என்கிறார்கள். அடமா அது? தூக்கம்!

கதவு திறந்ததும் உள்ளே போகும் முதல் நேரத்துக்கு டிக்கெட் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அந்த இடத்தையே விட்டுவிடுங்கள். பார்க்க வேண்டிய இடங்களுக்குப் பக்கத்திலேயே தங்குங்கள். வாடகை சற்றுக் கூடுதலானாலும், மதியம் அறைக்கு வந்து திரைச்சீலையை இழுத்துவிட்டுக் குழந்தையைப் படுக்க வைக்க முடியும். நான்கு மணிக்குமேல் டிக்கெட் இல்லாத இடமாகப் பாருங்கள்: ஆற்றங்கரை, சதுக்கம், கீழே ரயில் ஓடும் பாலம்.

'வண்டியில் தூங்கிக்கொள்ளும்' என்று மட்டும் சொல்லாதீர்கள். அரைமணிக்கும் குறைந்த பயணமென்றால் பாட்டுப் பாடியாவது விழித்திருக்க வையுங்கள். மீறித் தூங்கிவிட்டால், இறங்கிய இடத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்து, தானாக விழிக்கும்வரை காத்திருங்கள்.

ஸ்ட்ரோலரிலேயே (குழந்தைத் தள்ளுவண்டி) நாள் முழுவதும்

ஒரு மணி நேரத்துக்குமேல் தொடர்ச்சியாகக் குழந்தையைக் கட்டி உட்கார வைக்கக் கூடாது என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் அதே வழிகாட்டுதலில் இருக்கிறது. இறக்கி நடக்க விடுங்கள். வெயிலுக்காக ஸ்ட்ரோலர்மேல் துணி போர்த்துபவர்கள் ஒருமுறை உள்ளே கையை நுழைத்துப் பாருங்கள். காற்று புகாமல் அனலாக இருக்கும்.

எஸ்கலேட்டர்

ஸ்ட்ரோலரோடு ஏறாதீர்கள். லிஃப்ட் எந்த வாசலில் என்று கிளம்பும் முன்பே பார்த்து வையுங்கள்.

நம் உயரத்திலிருந்து காட்டுவது

மூன்று வயதுக் குழந்தை சராசரியாக 95 சென்டிமீட்டர் உயரம். நெரிசலான கடைத்தெருவில் ஒருமுறை மண்டியிட்டுப் பாருங்கள். முழங்கால்கள், ஆடும் பைகள், வண்டிப் புகை. நாம் விரல் நீட்டிக் காட்டும் மணிக்கூண்டு அங்கிருந்து தெரியாது. தூக்கிக் காட்டுங்கள், அல்லது குழந்தையின் உயரத்தில் இருப்பதைப் பார்க்க விடுங்கள். சாலையைக் கூட்டும் இயந்திரத்தின் சுழலும் தூரிகைகளை என் மகள் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். சுரங்க ரயில் வருவதற்கு முன் முகத்தில் அடிக்கும் காற்றுக்காகவே மூன்று ரயில்களை விட்டிருக்கிறோம். அந்த ஊரில் அவளுக்கு இன்றும் நினைவிருப்பது அந்தக் காற்றுதான்.

தொலைந்த பிறகு யோசிப்பது

காலையில் கிளம்பும்போது, அன்றைய உடையில் முழு உருவப் படம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் சட்டையின் நிறம்கூட நினைவுக்கு வராது. முன்கையின் உட்புறம் உங்கள் தொலைபேசி எண்ணைப் பேனாவால் எழுதுங்கள். பெயரை வெளியே தெரியும்படி எழுத வேண்டாம். "அம்மாவைத் தேடாதே, நின்ற இடத்திலேயே நில், நான் வருவேன்" என்று தினமும் ஒருமுறை சொல்லிக் கொடுங்கள். இருவரும் ஒருவரையொருவர் தேடி நடந்தால் சந்திப்பது கடினம். ரயிலில் ஏறும்போது குழந்தை எப்போதும் இரண்டு பெரியவர்களுக்கு நடுவில். தனியாகப் போகிறவர்கள் தூக்கிக்கொண்டே ஏறுங்கள்.

புதுச் செருப்பு

பயணத்துக்கென்று வாங்காதீர்கள்.

"இன்னும் ஒரே ஓர் இடம்"

மாலையில் போகும் இடம் அறையிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கட்டும். அலுவலகம் விடும் நேரத்து ரயிலில், 14 கிலோ குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மடக்கிய ஸ்ட்ரோலரைக் காலுக்கிடையில் பிடித்தபடி ஏழு நிறுத்தம் வந்திருக்கிறேன். உட்கார இடம் கிடைத்தது ஆறாவது நிறுத்தத்தில்.