ரெஃபரல் எழுதினால் மட்டும் போதாது: நகரத்துப் பூர்வகுடி நோயாளிகளை ஸ்பெஷலிஸ்டிடம் கொண்டு சேர்ப்பது எப்படி

ஆஸ்திரேலியாவில் ஜிபி, அதாவது குடும்ப டாக்டர், கிளினிக்குகளில் டாக்டராகவும் நர்ஸாகவும் ரிசப்ஷனிலும் வேலை செய்யும் நம்மவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பூர்வகுடி மக்கள் என்றதும் நமக்குச் செம்மண் வெளியும் விமானத்தில் வந்திறங்கும் டாக்டரும்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அவர்களில் 10-க்கு 4 பேர் சிட்னி, பிரிஸ்பேன், பெர்த் போன்ற பெருநகரங்களில் வாழ்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்தும், சர்க்கரையோடும் சிறுநீரகக் கோளாறோடும் ஸ்பெஷலிஸ்டைப் பார்க்காமலே வருடங்கள் ஓடிவிடுகின்றன. ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கச் சொல்லும் ரெஃபரல் லெட்டரை அனுப்பியதோடு நம் வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் பாதிக் கோளாறு.

முதலில், கேளுங்கள். "நீங்கள் அபொரிஜினலா, டோரஸ் ஜலசந்தித் தீவுகளைச் சேர்ந்தவரா?" என்று புதிதாக வரும் எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். முகத்தையும் நிறத்தையும் பார்த்து நீங்களாக முடிவு செய்யாதீர்கள். இந்தப் பதில் பதிவாகவில்லை என்றால் கீழே சொல்லப்போகும் உதவிகளில் பலவற்றுக்கு வழியே திறக்காது.

அவர்கள் நம் கிளினிக்குக்கு வர விரும்புகிறார்களா என்பது அடுத்த கேள்வி. பிரிஸ்பேனில் இனாலா என்ற இடத்து அரசு சுகாதார நிலையத்துக்கு 1994-ல் வந்த பூர்வகுடி நோயாளிகள் வெறும் 12 பேர். டாக்டர் நோயல் ஹேமன், அவரும் பூர்வகுடிதான், ஏன் வரவில்லை என்று அந்த மக்களிடமே கேட்டார். எங்கள் ஆட்கள் யாரும் அங்கே வேலையில் இல்லை, சுவரில் எங்களுடையது என்று சொல்ல ஒரு படம்கூட இல்லை, ஊழியர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று பதில் வந்தது. பூர்வகுடி நர்ஸை வேலைக்கு எடுத்து, காத்திருக்கும் அறையை மாற்றி, ஊழியர்களுக்கு அந்தப் பண்பாட்டைச் சொல்லிக்கொடுத்த பிறகு, 2008-க்குள் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் போய்விட்டது. ஸ்பெஷலிஸ்டுகளே அங்கு வந்து பார்க்கவும் ஏற்பாடு ஆனது. உங்கள் ஊரில் அபொரிஜினல் மருத்துவச் சேவை மையம் இருந்தால், எந்த ஸ்பெஷலிஸ்ட் எந்த நாளில் அங்கே வருகிறார் என்று விசாரித்து வையுங்கள். தெரிந்த இடத்துக்கு என்றால் தயங்காமல் போவார்கள்.

சரி, இனி காகித வேலை. அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் 715 என்ற எண்ணில் இவர்களுக்கென்றே ஒரு முழு உடல் பரிசோதனை உண்டு, 9 மாதத்துக்கு ஒருமுறை செய்யலாம். அதை அவசரமாக முடிக்காதீர்கள், சிறுநீரில் புரதம், ரத்தத்தில் சிறுநீரகச் செயல்பாடு இரண்டையும் சேர்த்தே பாருங்கள், அறிகுறி எதுவும் தெரியாமலே நோய் முற்றியிருக்கும் நிலையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நாள்பட்ட நோய் இருந்தால் பராமரிப்புத் திட்டம் போட்டு, 'இன்டெக்ரேட்டட் டீம் கேர்' திட்டத்துக்கு அனுப்புங்கள். இதில் ஒரு ஒருங்கிணைப்பாளர் கிடைப்பார், ஸ்பெஷலிஸ்டிடம் கூட்டிப்போக ஆள் கிடைக்கும். வேறு வழியில்லாதபோது வண்டிச் செலவுக்கும், தனியார் ஸ்பெஷலிஸ்ட் கேட்கும் கூடுதல் கட்டணத்துக்கும்கூடப் பணம் உண்டு. உங்கள் பகுதியில் இதை யார் நடத்துகிறார்கள் என்று, அந்தப் பகுதியின் சுகாதாரச் சேவைகளை ஒருங்கிணைக்கும் அமைப்பான பிரைமரி ஹெல்த் நெட்வொர்க்கில் கேட்டால் சொல்வார்கள். இப்படி ஒன்று இருப்பதே தெரியாத கிளினிக்குகள் இன்னும் இருக்கின்றன என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம்.

மருந்துச் சலுகைக்கு, பூர்வகுடி மக்களுக்கான 'குளோசிங் த கேப்' என்ற அரசுத் திட்டத்தின் பட்டியலில் நோயாளியின் பெயரை ஆன்லைனில் பதிய வேண்டும். 2021 ஜூலையிலிருந்து ஒருமுறை பதிந்தால் போதும். அரசின் சலுகை அட்டை உள்ளவர்களுக்குப் பொதுவாக மருந்து இலவசம், இல்லாதவர்களுக்குச் சலுகை விலை. பதிந்திருக்கிறதா என்று ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கப் போகும் முன்பே சரிபாருங்கள்.

இப்போது ரெஃபரல் லெட்டர். வழக்கமான ரெஃபரல் ஸ்பெஷலிஸ்டை முதலில் பார்த்த நாளிலிருந்து 12 மாதம்தான் செல்லும். ஆனால் காலவரையறை இல்லாமலும் ஜிபி எழுதலாம், வாழ்நாள் முழுக்க இருக்கப்போகும் நோய்க்கு அப்படி எழுதுவதுதான் முறை. சோதனை முடிவுகளைத் தேதியோடு இணையுங்கள். நோயாளி பூர்வகுடி என்பதையும், ஆஸ்பத்திரியின் அபொரிஜினல் தொடர்பு அலுவலருக்குத் தகவல் போக வேண்டும் என்பதையும் முதல் பத்தியிலேயே போடுங்கள். நோயாளி சம்மதித்தால் மகள், சித்தி, ஒருங்கிணைப்பாளர் என்று இன்னும் இரண்டு பேரின் நம்பரையும் கொடுங்கள்.

இந்த நம்பர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எங்களிடம் வரும் ஒரு ஆன்ட்டி, அவர்களும் பெரியவர்களை ஆன்ட்டி, அங்கிள் என்றுதான் மரியாதையாக அழைப்பார்கள், இதய ஸ்பெஷலிஸ்டுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போன் நம்பர் மறைக்கப்பட்டே வந்தது, யாரோ கடன்காரர் என்று எடுக்கவில்லை. கடிதம் பழைய வீட்டுக்குப் போயிருந்தது. பதில் இல்லை என்று காத்திருப்போர் பட்டியலிலிருந்து பெயரை நீக்கிவிட்டார்கள். அன்று அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, எங்கள் கிளினிக் போனிலேயே ஸ்பீக்கரைப் போட்டு அழைத்தேன், இருபது நிமிடத்துக்கு மேல் பாட்டு ஓடியது, கடைசியில் தேதி கிடைத்தது. அவர் தன் பையிலிருந்த மருந்துச் சீட்டின் பின்னால் அதை எழுதி வைத்துக்கொண்டார். அப்புறம் நாங்கள் எல்லோருக்கும் இப்படித்தான் செய்கிறோம். நோயாளி நம் முன்னால் இருக்கும்போதே தேதி வாங்கிவிடுவது, முந்தின நாள் நாமே அழைத்து வண்டி இருக்கிறதா என்று கேட்பது.

வராமல் போனால் 'பொறுப்பில்லை' என்று எழுதிவிடாதீர்கள். சாவு வீடு என்றால் நம் ஊரில் போட்டது போட்டபடி கிளம்புவோமே, அவர்களுக்கும் அப்படித்தான், அந்தத் துக்க காரியத்தை 'சாரி பிசினஸ்' என்பார்கள், பல நாள் நீளலாம். என்ன ஆயிற்று என்று அழைத்துக் கேட்டு, ஆஸ்பத்திரிக்கும் காரணத்தைச் சொல்லி வேறு தேதி வாங்குங்கள். ஒரே வாரத்தில் மூன்று இடத்துக்கு அலையவிடாமல், ரத்தச் சோதனையையும் கண் படத்தையும் ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கும் நாளிலேயே வைக்க முடியுமா என்று கேட்டுப்பாருங்கள்.

பார்த்துவிட்டு வந்த பிறகு ஸ்பெஷலிஸ்டின் லெட்டர் இரண்டு வாரத்தில் வரவில்லை என்றால் போன் போட்டுக் கேளுங்கள். வந்ததும் கோப்பில் போட்டுவிட்டு விடாமல், நோயாளியைக் கூப்பிட்டு, எந்த மாத்திரை நின்றது, எது புதிது என்று பக்கத்தில் உட்கார்ந்து விளங்கும்படி சொல்லி, அடுத்த தேதியையும் அப்போதே வாங்கிக் கொடுங்கள்.