ஃபேன்டசி ஃபுட்பால்: ஒரு அணியின் அஃபென்ஸை எடைபோடுவது எப்படி? டெட்ராய்ட் லயன்ஸை வைத்து ஒரு பயிற்சி

ஆகஸ்ட் பிறந்தால் அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலருக்கும் அலுவலகத்திலிருந்து ஓர் அழைப்பு வரும்: "எங்க ஃபேன்டசி லீக்ல ஒரு இடம் காலியா இருக்கு, வர்றீங்களா?" நிஜ வீரர்களை வைத்து நாமே ஓர் அணி அமைத்து, அவர்கள் ஆட்டத்தில் எடுப்பதை வைத்துப் புள்ளி சேர்க்கும் விளையாட்டு அது. சரி என்று சொன்ன பிறகுதான் டிராஃப்டில், அதாவது சுற்றுச் சுற்றாக முறைவைத்து வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில், யாரை எடுப்பது என்ற கவலை. பெரும்பாலானோர் ஏதாவது ஒரு தளத்தின் தரவரிசையைத் திறந்துவைத்து மேலிருந்து கீழாக எடுத்துக்கொண்டே போவார்கள். ஒருவர் ஏன் 12-வது, இன்னொருவர் ஏன் 40-வது என்று தெரியாமல் எடுத்தால், அக்டோபரில் ஒருவருக்கு அடிபட்டதும் அடுத்து என்ன செய்வதென்று புரியாது.

அமெரிக்கன் ஃபுட்பாலில் டச்டவுன் என்றால் என்ன, குவாட்டர்பேக் யார் என்ற அளவுக்குத் தெரிந்தால் இந்தப் பதிவுக்குப் போதும். ட்ரீம்11 ஆடியவர்கள் ஒரு வித்தியாசத்தை மட்டும் மனதில் வைக்கவும். அங்கே ஒரே வீரரை லட்சம் பேர் எடுக்கலாம். இங்கே உங்கள் லீக்கில் ஒரு வீரர் ஒருவருக்குத்தான். அதனால் "நல்ல வீரரா?" என்பதைவிட "எந்தச் சுற்றில் எடுக்கலாம்?" என்பதே முக்கியக் கேள்வி.

பயிற்சிக்கு என்எஃப்எல் (அமெரிக்கன் ஃபுட்பாலின் முதன்மை லீக்) அணியான டெட்ராய்ட் லயன்ஸ். 2023-ன் எண்களைக் கையில் வைத்துக்கொண்டு 2024-ஐக் கணிப்போம். ஏன் முடிந்துபோன சீசன்? விடை நமக்குத் தெரியும். எங்கே சரியாக வந்தது, எங்கே சொதப்பியது என்று உடனே பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: உங்கள் லீக்கின் புள்ளி விதியைப் படியுங்கள்

இதைப் படிக்காமல் டிராஃப்டுக்கு வருபவர்கள் எல்லா லீக்கிலும் உண்டு. பரவலான விதி இது: பாஸ் எறிந்த 25 யார்டுக்கு 1 புள்ளி, பாஸ் டச்டவுனுக்கு 4, இன்டர்செப்ஷனுக்கு (எதிரணி பறித்த பாஸ்) கழித்தல் 2. ஓடியோ பந்தைப் பிடித்தோ எடுத்த 10 யார்டுக்கு 1, அந்த வகை டச்டவுனுக்கு 6. இத்துடன் பிடித்த ஒவ்வொரு கேட்சுக்கும் 1 புள்ளி தந்தால் அது பிபிஆர் லீக். சில லீக்குகளில் அரைப் புள்ளி, சிலவற்றில் எதுவுமே கிடையாது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள். லயன்ஸின் வைடு ரிசீவர் (பாஸைப் பிடிப்பவர்) அமான்-ரா செயின்ட் பிரவுன் 2023-ல் 119 கேட்ச், 1,515 யார்டு, 10 டச்டவுன். பிபிஆரில் 330.5 புள்ளி. கேட்சுக்குப் புள்ளி இல்லாத லீக்கில் அதே மனிதர் 211.5. இந்தப் பதிவில் முழு பிபிஆர் கணக்கையே வைத்துக்கொள்கிறேன். ஃபம்பிள் (பந்தை நழுவவிடுவது) போன்ற சில்லறைக் கழிவுகளைச் சேர்க்கவில்லை.

படி 2: வீரரைப் பார்க்கும் முன் அணியைப் பாருங்கள்

நிஜ ஆட்டங்களில் லயன்ஸ் 2022-ல் மொத்தம் 453 புள்ளி எடுத்தது, 2023-ல் 461. இரண்டு ஆண்டும் அஃபென்ஸை (பந்தை வைத்துத் தாக்கி ஆடும் பிரிவை) நடத்தியது ஒரே ஒருங்கிணைப்பாளர், பென் ஜான்சன். குவாட்டர்பேக்கும் அதே ஜாரெட் காஃப். சொந்த மைதானமான ஃபோர்டு ஃபீல்டுக்குக் கூரை உண்டு. டிசம்பர் பனிக்காற்று பாஸ் ஆட்டத்தைக் கெடுக்காது. இவ்வளவும் அப்படியே 2024-க்கும் தொடர்ந்தன. ஆக, முதல் முடிவு: இந்த அணி நிறையப் புள்ளி எடுக்கும், பங்கு போட நிறைய இருக்கும்.

மோசமான அணியின் நல்ல வீரரைவிட நல்ல அணியின் சுமாரான வீரர் பல நேரம் மேல் என்பது என் கட்சி. இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு. ஆனால் எண்டு ஸோனுக்குப் பக்கத்தில் போகாத அணியில் யார் இருந்தும் டச்டவுன் எங்கிருந்து வரும்?

2024-ல் லயன்ஸ் எடுத்தது 564. என்எஃப்எல்-லிலேயே அதிகம். இவ்வளவு பெரிய தாவலை எந்தக் கணக்கும் முன்கூட்டிச் சொல்லாது. திசையை மட்டும்தான் சொல்லும்.

படி 3: பந்து யாரிடம் போகிறது?

இந்தப் பதிவின் உயிர் இந்தப் படிதான், நிதானமாகப் படியுங்கள்.

குவாட்டர்பேக் ஒரு வீரரை நோக்கி எறியும் ஒவ்வொரு பாஸும் அவருக்கு ஒரு டார்கெட். பிடித்தாரா விட்டாரா என்பது அடுத்த விஷயம். ஒரு சீசனில் அணி எறிந்த மொத்த பாஸில் ஒருவருக்கு எத்தனை சதவீதம் வந்தது என்பதே அவருடைய பங்கு. 2023-ல் காஃப் எறிந்தது 605 பாஸ். அதில்:

செயின்ட் பிரவுன்: 164 டார்கெட், சுமார் 27 சதவீதம்
டைட் எண்டு (எதிரணியைத் தடுப்பதும் பாஸ் பிடிப்பதும் செய்பவர்) சாம் லபோர்ட்டா: 120, சுமார் 20 சதவீதம்
ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) ஜமீர் கிப்ஸ்: 71, சுமார் 12 சதவீதம்
ஜோஷ் ரெனால்ட்ஸ்: 64, சுமார் 11 சதவீதம்
ஜேமிசன் வில்லியம்ஸ்: 42, சுமார் 7 சதவீதம்

இனி செயின்ட் பிரவுனின் 2024-ஐக் கணிப்போம். அணி பலமாக இருந்தால் பெரும்பாலும் முன்னிலையில் இருக்கும். முன்னிலையில் இருக்கும் அணி கடிகாரத்தை ஓட்ட ரன்னிங் ஆட்டத்துக்குப் போகும். எனவே பாஸ் எண்ணிக்கையை 605-லிருந்து 570-க்கு இறக்குவோம். 27 சதவீதம் என்றால் 154 டார்கெட். முந்தைய ஆண்டு எறிந்ததில் சுமார் 73 சதவீதம் பிடித்தார், ஆக 112 கேட்ச். ஒரு கேட்சுக்கு 12.7 யார்டு வீதம் 1,420 யார்டு. டச்டவுனை 9 என்று கொஞ்சம் கஞ்சத்தனமாகப் போடுவோம். 112 + 142 + 54 = 308 புள்ளி.

நிஜத்தில்? 115 கேட்ச், 1,263 யார்டு, 12 டச்டவுன், 313.3 புள்ளி. ஆகா என்று குதிக்க வேண்டாம். யார்டில் நாம் அதிகமாகப் போட்டோம், டச்டவுனில் குறைவாகப் போட்டோம், இரண்டு பிழையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. காஃப் அந்த ஆண்டு எறிந்ததும் 570 இல்லை, 539 தான். ஆனால் பங்கு மட்டும் அசையவில்லை: 141 டார்கெட், 26 சதவீதம். கிப்ஸின் பங்கும் அப்படியே, 63 டார்கெட், அதே 12 சதவீதம். பயிற்சியாளரும் குவாட்டர்பேக்கும் மாறாதவரை, முன்னணி ஆட்டக்காரரின் பங்கு டச்டவுனைப் போலத் துள்ளாது. அதனால்தான் அதை அடித்தளமாக வைக்கிறோம்.

படி 4: யார் போனார், அவர் இடம் யாருக்கு?

மேலே ரெனால்ட்ஸ் என்று ஒருவர் இருந்தாரே, அவர் 2024-க்கு டென்வர் போய்விட்டார். 64 டார்கெட் அநாதையாக நிற்கிறது. பெரிய புதிய ரிசீவர் யாரையும் லயன்ஸ் கொண்டுவரவில்லை. அப்படியானால் பெரும்பகுதி யாருக்கு?

கண்ணுக்கு எதிரே இருந்தவர் வில்லியம்ஸ். 2022-ல் என்எஃப்எல் அணிகள் புதுமுகங்களை எடுக்கும் நிஜ டிராஃப்டில் 12-வதாக எடுக்கப்பட்ட மின்னல் வேகக்காரர். காயமும் தடையுமாக முதல் இரண்டு ஆண்டுகள் வீணாகி, 2023-ல் வெறும் 24 கேட்ச், 354 யார்டு. தரவரிசையை மட்டும் பார்ப்பவர் இந்த எண்ணைப் பார்த்துத் தாண்டிப் போவார். காலியிடத்தைப் பார்ப்பவர் நின்று யோசிப்பார். 2024-ல் 91 டார்கெட், 58 கேட்ச், 1,001 யார்டு, 7 டச்டவுன். இரண்டு ஆட்டத் தடை வேறு; 15 ஆட்டத்தில் எடுத்தது இது.

ஒருவர் பங்கு ஏறினால் இன்னொருவருடையது இறங்கித்தான் ஆகவேண்டும். அடி விழுந்தது லபோர்ட்டாவுக்கு. 20 சதவீதமாக இருந்த அவர் பங்கு 15 ஆனது: 83 டார்கெட், 60 கேட்ச். படி 3-ல் செய்ததை அவருக்கும் செய்திருந்தால் 81 கேட்ச் என்று வந்திருக்கும். இருபதுக்கு மேல் தவறு. வில்லியம்ஸின் ஏற்றத்தைக் கணக்கில் வைத்தவர், அதே காகிதத்தில் லபோர்ட்டாவைக் கொஞ்சம் இறக்கியிருக்க வேண்டும். எல்லோரையும் ஒரே நேரத்தில் ஏற்ற முடியாது. சதவீதங்களைக் கூட்டிப் பார்த்து நூறைத் தாண்டினால் எங்கோ ஆசைப்பட்டிருக்கிறீர்கள்.

படி 5: டச்டவுனைக் கண்டு மயங்காதீர்கள்

லபோர்ட்டா 2023-ல் புதுமுகம். 86 கேட்ச், 10 டச்டவுன். புதுமுக டைட் எண்டுகளில் அப்போதைக்கு அதிகக் கேட்ச் அவருடையதே. பிபிஆரில் 234.9 புள்ளி, அதில் 60 வெறும் டச்டவுனிலிருந்து. அடுத்த ஆண்டு டிராஃப்டுகளில் டைட் எண்டு வரிசையில் முதலில் போனவர்களில் ஒருவரானார். எடுத்தவர்களுக்குக் கிடைத்தது 174.6.

காஃபுக்கும் இதே சோதனையைப் போடுங்கள். 2023-ல் 605 பாஸுக்கு 30 டச்டவுன், சுமார் 5 சதவீதம். 2024-ல் 539 பாஸுக்கு 37, கிட்டத்தட்ட 7 சதவீதம். குறைவாக எறிந்தும் பாஸ் வழிப் புள்ளி 279-லிருந்து 309-க்கு ஏறியதற்கு இதுதான் காரணம். என்எஃப்எல் சராசரி 4-க்கும் 5-க்கும் நடுவே இருக்கும். 7 சதவீதத்தை அடுத்த ஆண்டுக்கும் அப்படியே எடுத்துச் செல்பவர் ஏமாறத் தயாராகிறார்.

குவாட்டர்பேக் என்பதால் இன்னொன்று. காஃப் ஓடமாட்டார். பால்டிமோரின் லமார் ஜாக்சன் 2024-ல் ஓடியே 915 யார்டு, 4 டச்டவுன் எடுத்தார்; 115.5 புள்ளி காலாலேயே. ஃபேன்டசியில் காஃப் போன்றவர் எவ்வளவு அழகாக எறிந்தாலும் அந்த இடைவெளியை நிரப்புவது கடினம். 2024 செப்டம்பர் 30-ல் காஃப் சியாட்டிலுக்கு எதிராக எறிந்த 18 பாஸும் பிடிக்கப்பட்டு சாதனை படைத்தாரே, அன்று செயின்ட் பிரவுன் எறிந்த பந்தைப் பிடித்து அவரே ஒரு டச்டவுனும் போட்டார். அப்படிப்பட்ட இரவுகள் பார்க்க இனிமை, நம்பி டிராஃப்ட் செய்ய அல்ல. 12 பேர் லீக்கில் அவரைப் பிந்திய சுற்றுகளுக்குத் தள்ளிவையுங்கள்.

படி 6: இரண்டு ரன்னிங் பேக் இருந்தால்

பந்தைக் கையில் வாங்கி ஓடும் வாய்ப்பு கேரி. 2023-ல் டேவிட் மான்ட்கோமரிக்கு 219, கிப்ஸுக்கு 182. எண்டு ஸோன் கோட்டுக்கு அருகே போனால் பெரும்பாலும் மான்ட்கோமரி. டச்டவுன் 13-க்கு 10. ஆனால் ஒரு கேரிக்கு கிப்ஸ் 5.2 யார்டு, மான்ட்கோமரி 4.6. அதோடு கிப்ஸ் 52 கேட்ச், இவர் 16. பிபிஆரில் கேட்ச் பிடிக்கும் பேக்குக்குத்தான் மதிப்பு. வயதும் கிப்ஸின் பக்கம்.

2024-ல் தராசு சாய்ந்தது: கிப்ஸ் 250 கேரி, 1,412 யார்டு; மான்ட்கோமரி 185 கேரி, 775 யார்டு. சாய்ந்ததில் ஒரு பங்கு விபத்து: டிசம்பரில் பஃபலோ ஆட்டத்தில் மான்ட்கோமரிக்கு முழங்கால் அடிபட்டு, மீதி மூன்று ஆட்டமும் கிப்ஸே சுமந்தார். இருவரில் ஒருவரை எடுத்தால் மற்றவரையும் பெஞ்சில் வைக்கலாமா என்று கேட்பார்கள். மான்ட்கோமரியைப் பொறுத்தவரை அது காப்பீடு மட்டுமல்ல. பங்குபோட்டே 2024-ல் 219.6 புள்ளி எடுத்தவர் அவர்.

படி 7: எது மாறியது என்று எழுதுங்கள்

டிராஃப்டுக்கு முன் ஒரு காகிதத்தில் மூன்று வரி: பயிற்சியாளர், அஃபென்ஸிவ் லைன் (குவாட்டர்பேக்கைக் காத்து வழிவிடும் முன்வரிசை), குவாட்டர்பேக். 2024-க்கு முன் லயன்ஸுக்கு இந்த மூன்றிலும் பெரிய மாற்றமில்லை. படி 3 அதனால்தான் வேலை செய்தது. 2025-க்கு முன் அப்படியில்லை. பென் ஜான்சன் சிகாகோ பேர்ஸின் தலைமைப் பயிற்சியாளராகப் போனார், அந்த முன்வரிசையின் சென்டர் ஃபிராங்க் ராக்னோ ஓய்வு பெற்றார், கார்டு கெவின் ஸைட்லர் டென்னசிக்குப் போனார். வீரர்கள் அதே காஃப், அதே கிப்ஸ், அதே செயின்ட் பிரவுன். ஆனாலும் 564-ஐத் தொடக்கப் புள்ளியாக வைத்திருக்கக் கூடாது. 460-க்கும் 564-க்கும் நடுவே எங்கோ வைத்துப் பங்கு பிரிக்க வேண்டியிருந்தது.

படி 8: நாட்காட்டி

ஒவ்வொரு அணிக்கும் ஒரு வாரம் ஆட்டமில்லை. 2024-ல் லயன்ஸுக்கு அது 5-வது வாரம். ஒரே அணியில் மூன்று பேரை எடுத்தால் அந்த வாரம் மூன்று ஓட்டை.

இதைவிட நுட்பமான பொறி 18-வது வாரம். பெரும்பாலான ஃபேன்டசி லீக்குகளின் இறுதிப்போட்டி 17-வது வாரத்தோடு முடிந்துவிடும். 2025 ஜனவரி 5-ல் மின்னசோட்டாவுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் கிப்ஸ் நான்கு டச்டவுன் போட்டார். அவருடைய சீசன் மொத்தம் பிபிஆரில் 364.9 என்று எந்தப் பட்டியலிலும் கம்பீரமாக நிற்கும். அதில் நாற்பதுக்கு மேல், பெரும்பாலான லீக்குகளில் யாருக்கும் பயன்படாத அந்த ஒரு ஞாயிறு இரவுடையது. அதைக் கழித்தாலும் முதல் சுற்றில் எடுக்க வேண்டியவர்தான், சந்தேகமில்லை. ஆனால் முதல் சுற்றில் யாரை முந்தி எடுப்பது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும்போது அந்த நாற்பது புள்ளி முடிவையே மாற்றும். வாரங்களை 1 முதல் 17 வரை மட்டும் வடிகட்டிப் பார்க்கும் வசதி பல புள்ளிவிவரத் தளங்களில் உண்டு. ஒப்பிடும் இருவருக்கும் அதைப் போட்டுவிட்டு ஒப்பிடுங்கள்.