நாலாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை: எதை எதிர்பார்க்கலாம், எதைத் தவறவிடக் கூடாது

கர்ப்பத்தின் 14-வது வாரம் தொடங்கி 27-வது வாரம் முடியும்வரை நடு மாதங்கள். பெரும்பாலோருக்கு மசக்கை இதற்குள் அடங்கிவிடும். பசி திரும்பும், தெம்பு கூடும். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று பரிசோதனைகளைத் தள்ளிப்போடுவதும் இப்போதுதான். ஆனால் நாள் தவறினால் பயன் குறைந்துவிடும் இரண்டு பரிசோதனைகள் இந்த மாதங்களில்தான் வருகின்றன.

ஒன்று, 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேன். மூளை, முதுகெலும்பு, இதயத்தின் நான்கு அறைகள், சிறுநீரகங்கள், கை கால்கள் என ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். குழந்தை குப்புறத் திரும்பியிருந்தால், கொஞ்சம் நடந்துவிட்டு வரச் சொல்வார்கள். அதில் பயப்பட ஒன்றுமில்லை. நஞ்சு (பிளசென்டா) கருப்பையில் கீழே இருப்பதாக அறிக்கையில் வந்தாலும் கலங்க வேண்டாம். கருப்பை வளர வளர, பெரும்பாலோருக்கு அது மேலே போய்விடும். 32-வது வார வாக்கில் மறுபடி பார்ப்பார்கள்.

மற்றது, 24 முதல் 28 வாரத்துக்குள் செய்யும் சர்க்கரைப் பரிசோதனை. இரவு முழுக்க, குறைந்தது 8 மணி நேரம் வெறும் வயிறு. முதல் ரத்தம் எடுத்தபின் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரை 5 நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். குடித்து 1 மணி நேரத்திலும் 2 மணி நேரத்திலும் மறுபடி ரத்தம். இந்த முறையில் வெறும் வயிற்றில் 92, 1 மணி நேரத்தில் 180, 2 மணி நேரத்தில் 153 (mg/dL) ஆகிய அளவுகளில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை என்று கொள்வார்கள். நடுவில் வாந்தி எடுத்துவிட்டால் கணக்கில் வராது, வேறொரு நாள் செய்ய வேண்டும். முந்தின நாட்களில் பயந்து சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். முடிவு தவறாக வரும்.

குழந்தையின் அசைவு முதல் பிரசவத்தில் 18–20 வாரத்தில் தெரியும், அடுத்ததில் 16-லேயே தெரியலாம். முதலில் வயிற்றில் காற்று ஓடுவது போலத்தான் இருக்கும். நஞ்சு கருப்பையின் முன்சுவரில் இருந்தால் இன்னும் தாமதமாகும். 24 வாரம் ஆகியும் ஒன்றுமே தெரியவில்லை என்றால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

ரத்தத்தில் செல்களைவிட நீர்ப்பகுதி அதிகமாகக் கூடுவதால் இப்போது ஹீமோகுளோபின் இறங்கும். 10.5 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் சேர்த்துப் போட்டால் இரும்பு சரியாக உடம்பில் சேராது. 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். டீ, காபியும் அப்படித்தான். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான். மலச்சிக்கல் வந்தால் தண்ணீரும் நார்ச்சத்தும் கூட்டுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

இருமும்போதோ சட்டென்று புரளும்போதோ அடிவயிற்றின் ஓரத்தில் சுருக்கென்று இழுப்பது, கருப்பையைத் தாங்கும் தசைநார் நீள்வதால். சில நொடிகளில் போய்விடும். ராத்திரி கெண்டைக்கால் பிடித்தால், முழங்காலை நீட்டி, பாதத்தை உங்களை நோக்கி இழுங்கள். ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். தேய்த்துவிட வேண்டாம், உடனே காட்டுங்கள்.

ரத்தப்போக்கு, தண்ணீர் கசிவு, விட்டுவிட்டு வரும் வயிற்று இறுக்கம், காய்ச்சல், விடாத தலைவலி, பார்வை மங்கல், 140/90-ஐத் தொடும் ரத்த அழுத்தம்: இவற்றில் எது வந்தாலும் அடுத்த பரிசோதனை நாளுக்காகக் காத்திராமல், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள், அது நடு ராத்திரியாக இருந்தாலும்.